எதிரொலி வேண்டாத மனிதர்

அறுபதுகளில் டென்மார்க்கின் பேங் அண்ட் ஓலுஃப்சன் கம்பெனி ‘பியோகார்ட் 2000’ என்றொரு டேப் ரெக்கார்டரை விற்றது. ஸ்பூலில் நாடா சுற்றும் பெரிய பெட்டி. ஒரு டிராக்கில் பதிந்ததை இன்னொரு டிராக்குக்கு மாற்றும்போதே, கூடவே புதிதாக ஒன்றை வாசித்துச் சேர்க்கும் வசதி அதில் இருந்தது. முதலில் ஒரு கிடார். மாற்றும்போது அதன்மேல் இன்னொரு கிடார். மறுபடி மாற்றும்போது குரல். ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய ஒலி கொஞ்சம் மங்கும், நாடாவின் இரைச்சல் கொஞ்சம் ஏறும். சேர்த்ததைப் பிரிக்கவும் முடியாது. எதை முதலில் பதிவது, எதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது, எதன் சத்தம் எவ்வளவு இருக்கலாம் என்பதையெல்லாம் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே மனசுக்குள் கேட்டு முடித்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், ஷார்ட் எண்ட் என்ற தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் வீட்டு முன்னறையில் அந்தப் பெட்டியோடு இரவும் பகலும் மல்லுக்கட்டியவர் ஜெஃப் லின். 1947 டிசம்பர் 30 அன்று பிறந்தவர். அப்பாவுக்கு மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதத்தில் பித்து. மகனுக்கு முதல் கிடாரை இரண்டு பவுண்டு கொடுத்து வாங்கித் தந்தவரும் அவர்தான். பாட்டை உருவாக்கும் வேலையைத் தனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த டேப் ரெக்கார்டர்தான் என்று லின் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக்ஸிங் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தே வயதைக் கழித்தவன் என்ற முறையில் அதை நான் அப்படியே நம்புகிறேன். ஐம்பதாண்டுகளுக்கு மேல் நீண்ட அவருடைய இசை வாழ்க்கையில் அந்த முன்னறைப் பழக்கம் எங்கேயும் விட்டுப்போகவில்லை.

ராக் இசையில் புரொட்யூசர் என்றால் பணம் போடுகிறவர் அல்ல. எந்தப் பாட்டை எடுத்துக்கொள்வது, எந்த வேகத்தில் வாசிப்பது, எத்தனை கிடார், பாடகர் மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது, எந்த டேக் போதும், எதை வெட்டி எறிவது என்று முடிவெடுக்கிறவர். நம் திரையிசையில் இசையமைப்பாளரும் ஒலிப்பதிவாளரும் பகிர்ந்துகொள்ளும் வேலை ஏறக்குறைய அது. லின் பாட்டு எழுதினார், பாடினார், கிடார் வாசித்தார், இந்த வேலையையும் செய்தார். தனக்காக ஒரு பாதி வாழ்க்கை, பிறருக்காக இன்னொரு பாதி. எனக்கு அவரிடம் மரியாதை ஏற்பட்டது அந்த இரண்டாவது பாதியால்.

1966இல் அவர் ‘தி ஐடில் ரேஸ்’ என்ற பர்மிங்ஹாம் குழுவில் சேர்ந்தார். விமர்சகர்கள் பாராட்டினார்கள், இசைத்தட்டுகள் விற்கவில்லை. அந்தக் காலத்தில் நடந்த ஒரே ஒரு இரவைச் சொன்னால் போதும். 1968இல் லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் தங்கள் ‘வெள்ளை ஆல்ப’த்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். தெரிந்தவர் மூலம் லின் உள்ளே போய்ப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. ஓர் அறையில் பால் மெக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும். இன்னோர் அறையின் கண்ணாடிக்குப் பின்னால் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும். கீழே தளத்தில் பீட்டில்ஸின் புரொட்யூசர் ஜார்ஜ் மார்ட்டின், ‘கிளாஸ் ஆனியன்’ பாட்டுக்காக வயலின், செல்லோக்காரர்களுக்குக் கை அசைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பியவருக்குப் பல நாள் தூக்கம் வரவில்லையாம். இருபது வயது இளைஞர் அன்று கண்ணாடிக்கு இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒன்றாகப் பார்த்துவிட்டார்.

1970இல் ராய் வுட் நடத்திய ‘தி மூவ்’ குழுவுக்கு லின் வந்தார். வுட்டுக்கும் அவருக்கும் ஒரே ஆசை: பீட்டில்ஸ் பாட்டுகளில் ஓரமாக வந்துபோகும் செல்லோவையும் வயலினையும் குழுவுக்கு நடுவில் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும். லின் எழுதிய ஒரு பாட்டின்மேல் வுட் ஒரு மலிவு விலைச் செல்லோவை எடுத்து, ராக் கிடார் வாசிப்பது போல ராவி ராவி அடுக்கடுக்காகப் பதிந்தார். அதுதான் ‘10538 ஓவர்சர்’. அதோடு பிறந்தது எலெக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா. சுருக்கமாக இ.எல்.ஓ. முதல் ஆல்பம் 1971 டிசம்பரில் வந்தது. அமெரிக்கக் கம்பெனி ஆல்பத்தின் பெயர் என்னவென்று கேட்க இங்கிலாந்துக்குப் போன் போட்டபோது யாரும் எடுக்கவில்லை. ‘பதில் இல்லை’ என்று செயலாளர் குறித்துவைத்தார். அதையே பெயர் என்று நினைத்து அமெரிக்காவில் ‘நோ ஆன்சர்’ என்றே அச்சடித்துவிட்டார்கள்.

மேடையில் தொடக்கம் சிரமமாக இருந்தது. டிரம்ஸும் மின்கிடாரும் முழங்கும்போது செல்லோ யார் காதிலும் விழாது. கருவிகளின் ஒலியை நேரடியாக மின்சாரமாக்கும் பிக்அப் பொருத்திய பிறகுதான் நிலைமை சீரானது. அதற்குள் 1972இலேயே வுட் விலகிவிட்டார். குழு முழுக்க லின் தோளில் வந்து விழுந்தது.

“உங்கள் பாட்டில் ராகமே இல்லையே” என்கிற மாதிரி அப்பா ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டார். அதற்குப் பதிலாகத்தான் லின் 1974இல் ‘எல்டோராடோ’ ஆல்பத்தை எழுதினார். முதன்முறையாக முழு ஆர்க்கெஸ்ட்ராவை வாடகைக்கு அமர்த்தினார். இசைக்கோவை எழுத லூயி கிளார்க் வந்தார். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் டாண்டி, கிளார்க், லின் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து வயலின் பகுதிகளை உருவாக்கும் வழக்கம் அதிலிருந்து உறுதிப்பட்டது. அந்த ஆல்பத்திலிருந்து அமெரிக்காவில் முதல் பத்துக்குள் போன ‘கான்ட் கெட் இட் அவுட் ஆஃப் மை ஹெட்’ பாட்டைக் கேட்டால் அப்பாவின் குறைக்கு மகன் எவ்வளவு கனிவாகப் பதில் சொல்லியிருக்கிறார் என்பது தெரியும். அந்த ராகத்தைக் கேட்ட பிறகு மறப்பது கடினம்.

1977 ‘அவுட் ஆஃப் த புளூ’ ஆல்பத்தின் கதை ராக் ரசிகர்கள் எல்லோரும் சொல்வது. இரட்டைத் தட்டு ஆல்பத்துக்குப் பாட்டு எழுத லின் சுவிட்சர்லாந்து மலையில் ஒரு மரவீட்டை எடுத்துத் தங்கினார். மழையும் மூடுபனியும் விடாமல் சூழ்ந்திருக்க, இரண்டு வாரம் உருப்படியாக ஒன்றும் வரவில்லை. ஒரு காலை வெயில் அடித்தது, மலைகள் தெரிந்தன. ‘மிஸ்டர் புளூ ஸ்கை’ பிறந்தது. பிறகு கடகடவென்று மீதிப் பாட்டுகள். மூன்றரை வாரத்துக்குள் ஆல்பம் முழுவதையும் எழுதிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிவிட்டார். பதிவு ஜெர்மனியின் மியூனிக்கில், ஒரு பெரிய ஹோட்டல் கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்த மியூசிக்லேண்ட் ஸ்டுடியோவில் நடந்தது. பொறியாளர் ரைன்ஹோல்ட் மாக்.

வானம் தெளிந்த அந்தப் பாட்டைப் பூமிக்கடியில் சன்னலில்லாத அறையில் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். பாட்டு ஓர் அடியில் தொடங்கி வளர்கிறது, நடுவில் கூட்டுக்குரல் வருகிறது, முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது ஆர்க்கெஸ்ட்ராவும் கோரஸும் எழுந்து இன்னொரு பாட்டாக விரிகிறது. கடைசியில் வோகோடர் என்ற கருவியின் வழியாக ஓர் இயந்திரக் குரல், தட்டைத் திருப்பிப் போடும்படி கேட்பவரிடம் சொல்கிறது. அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டு அது. கேட்கிறவர் வீட்டில் எழுந்து என்ன செய்வார் என்பதுவரை யோசித்து ஒலியை வடித்திருக்கிறார்.

1978 சுற்றுப்பயணத்தில் மேடையே ஒரு பறக்கும் தட்டாகத் திறந்தது. லண்டன் வெம்ப்ளி அரங்கில் எட்டு இரவு, எட்டும் நிறைந்தன. அடுத்த வருடம் ‘டிஸ்கவரி’ ஆல்பத்தில் வந்த ‘டோண்ட் பிரிங் மீ டவுன்’ பாட்டில் வயலினே இல்லை. வேறொரு பாட்டுக்காகப் பதிந்த டிரம்ஸ் நாடாவை எடுத்து, வேகத்தைக் குறைத்து, வளையமாக ஒட்டி ஓடவிட்டு அதன்மேல் பாட்டைக் கட்டினார். அமெரிக்காவில் அவர்களுடைய மிகப் பெரிய வெற்றி அதுதான், நான்காம் இடம். எனக்குப் பிடித்த பாட்டுதான். ஆனால் குழுவில் இருந்த வயலின், செல்லோக் கலைஞர்களுக்கு அந்த ஆல்பத்தோடு வேலை போனது. பிறகு சிந்தசைஸர் வந்தது. செல்லோவுக்காகவே தொடங்கிய குழு செல்லோ இல்லாமல் நடந்த அந்த வருடங்களை என்னால் முழு மனதோடு கேட்க முடிவதில்லை. 1980இல் ஒலிவியா நியூட்டன் ஜானுக்காக எழுதிய ‘ஸனடு’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. இ.எல்.ஓ.வுக்கு அங்கே கிடைத்த ஒரே முதலிடம். அமெரிக்காவில் முதல் 40க்குள் 20 பாட்டுகள், ஒன்றுகூட முதலிடம் இல்லை. 1986இல் குழு கலைந்தது.

அவருக்கு மேடை ஒருபோதும் இனிக்கவில்லை. ஒப்பந்தத்துக்காக ஆல்பம், ஆல்பத்துக்காகச் சுற்றுப்பயணம் என்று ஓடிய ஓட்டம் நின்றதும் அவர் தனக்குப் பிடித்த இடத்துக்கு, மிக்ஸிங் மேசைக்கு வந்து சேர்ந்தார்.

ஜார்ஜ் ஹாரிசன் அப்போது சில வருடமாக ஆல்பம் எதுவும் போடாமல் தோட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கூப்பிட்டு அனுப்பினார். 1987இல் வந்த ‘கிளவுட் நைன்’ அந்தக் கூட்டில் உருவானது. அதிலிருந்த ‘காட் மை மைண்ட் செட் ஆன் யூ’ அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது.

என் தொழிலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எண்பதுகளின் ராக், பாப் பதிவுகளைக் கேளுங்கள். டிரம்ஸில் ஒரு அடி விழுந்தால் ஒரு பெரிய கோயில் மண்டபத்தில் விழுந்தது போல எழும்பி, சட்டென்று துண்டிக்கப்படும். குரலைச் சுற்றிலும் எதிரொலி. ரிவெர்ப் என்று நாங்கள் சொல்லும் அந்த எதிரொலி குறைகளை மூடும். கொஞ்சம் சுருதி தள்ளிப் பாடினாலும் அழகாக்கிக் காட்டும். உலகமே அதை அள்ளி ஊற்றிய காலத்தில் லின் அதைத் தொடவே மாட்டேன் என்று நின்றார். குரல் காதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், டிரம்ஸ் உலர்ந்து கனமாக விழ வேண்டும். இடத்தை நிரப்ப எதிரொலிக்குப் பதிலாக ஆட்களை உட்காரவைத்தார்: நான்கைந்து பேர், ஆளுக்கொரு அக்கூஸ்டிக் கிடார், எல்லோரும் ஒரே கார்டுகளை ஒன்றாக மீட்டுவார்கள். அந்தப் பளபளப்பு எந்த இயந்திரத்திலும் வராது. அதற்கு விலையும் உண்டு. மூடுதிரை இல்லாததால் ஒவ்வொருவரும் சரியாக வாசித்தாக வேண்டும். அவர் செய்த ஆல்பங்கள் எல்லாம் ஒரே மாதிரி கேட்கின்றன என்று குறை சொல்பவர்கள் உண்டு. டிரம்ஸைப் பொறுத்தவரை அந்தக் குறை நியாயம்தான். ஆனால் குரல்களைக் கேளுங்கள். ஹாரிசன் ஹாரிசனாகவே இருப்பார், பாடகர் ராய் ஆர்பிசன் ஆர்பிசனாகவே இருப்பார்.

1988 ஏப்ரலில் ஹாரிசனுக்கு ஒரு சிங்கிளின் பின்பக்கத்துக்குப் பாட்டு ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸில் லின்னோடும் ராய் ஆர்பிசனோடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு வந்தது. ஸ்டுடியோ கிடைக்காததால் பாப் டிலனின் வீட்டுக் கராஜில் இருந்த பதிவறையைக் கேட்டார்கள். ஹாரிசனின் கிடார் பாடகர் டாம் பெட்டி வீட்டில் இருந்தது, எடுக்கப் போனபோது பெட்டியும் கூட வந்தார். கராஜில் கிடந்த ஒரு அட்டைப் பெட்டியின்மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கையே பாட்டுக்குப் பெயரானது: ‘ஹேண்டில் வித் கேர்’. பின்பக்கத்தில் போட்டு வீணாக்கக் கூடாத பாட்டு என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஐந்து பேரும் ‘டிராவலிங் வில்பரிஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு முழு ஆல்பத்தையே செய்தார்கள். டிலன் சுற்றுப்பயணம் கிளம்ப வேண்டியிருந்ததால் ஏறக்குறைய பத்து நாளில் அடிப்படைப் பதிவு முடிந்தாக வேண்டும். ஒரு நண்பர் வீட்டுச் சமையலறையில் வட்டமாக உட்கார்ந்து ஐந்து கிடார்களையும் மீட்டினார்கள். டிரம்ஸ் வாசித்த ஜிம் கெல்ட்னர் ஒரு பாட்டுக்கு ஃபிரிட்ஜின் உள்தட்டுகளைக் குச்சியால் தட்டி வாசித்தார். ஐந்து பேரில் உலகம் மிகக் குறைவாக அறிந்த முகம் லின்னுடையது. ஐந்து பெரிய குரல்களும் ஒன்றையொன்று மிதிக்காமல் அந்தத் தட்டில் நிற்பதற்கு அவரே காரணம்.

டாம் பெட்டியின் ‘ஃபுல் மூன் ஃபீவர்’ அதே காலத்தில் ஒரு கிடார் கலைஞரின் வீட்டுக் கராஜில் உருவானது. சிக்னலில் கார் நின்றபோது பக்கத்துக் காரில் லின் இருப்பதைப் பார்த்துப் பெட்டி கையசைத்துப் பேசியதில் தொடங்கிய நட்பு. பெட்டி விளையாட்டாக ஒரு மெட்டை வாசித்துக்கொண்டிருக்க, லின் இரண்டு சொல்லை எடுத்துப் போட்டார். அது ‘ஃப்ரீ ஃபாலின்’ ஆனது. கம்பெனிக்காரர்கள் முதலில் இதில் ஹிட்டே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 1989இல் ஆல்பம் வெளிவந்து, அமெரிக்காவில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் விற்றது.

அவருடைய வேலையில் கடினமானது 1994இல் வந்தது. ஜான் லெனன் 1980இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவர் நியூயார்க் வீட்டில் பியானோ முன் உட்கார்ந்து சாதாரண கேசட்டில் பதிந்து வைத்திருந்த சில பாட்டுகளை அவர் மனைவி யோக்கோ ஓனோ மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். மீதி மூன்று பீட்டில்ஸும் அதன்மேல் வாசித்துப் பாட்டாக்க விரும்பினார்கள். ஜார்ஜ் மார்ட்டின் காது முன்போல் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டார். ஹாரிசன் லின்னை முன்மொழிந்தார். மெக்கார்ட்னிக்குத் தயக்கம் இருந்தது, லின் ஹாரிசனின் ஆள் ஆயிற்றே.

அந்தக் கேசட்டில் இருந்தது மோனோ ஒலி. குரலும் பியானோவும் ஒன்றாகக் கலந்திருந்தன. பியானோவைக் கூட்டினால் குரலும் கூடும். மின்சார இரைச்சல் வேறு. லெனன் தனக்காகப் பாடிக்கொண்டது என்பதால் வேகம் ஏறி இறங்கும். சீரான தாளத்தோடு மூவர் வாசிக்க வேண்டுமானால் அந்தக் குரலைச் சொல் சொல்லாக அதனதன் இடத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஆனால் வைத்தது தெரியக் கூடாது, லெனன் மூச்சு விடுவது மாறக் கூடாது. இங்கிலாந்தின் சசெக்ஸில் மெக்கார்ட்னியின் ஸ்டுடியோவில் லின் அதைச் செய்தார். 1995 டிசம்பரில் ‘ஃப்ரீ ஆஸ் அ பேர்ட்’ வந்தது, அடுத்த வருடம் ‘ரியல் லவ்’. இன்று கணினியில் அரை மணி நேரத்தில் முடிகிற சில வேலைகளை அன்று காதையும் பொறுமையையும் வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். அந்த வேலைக்கு உட்கார எனக்குத் துணிவு வந்திருக்காது. மூன்றாவது பாட்டான ‘நவ் அண்ட் தென்’ மட்டும் கேசட்டின் ரீங்காரத்தால் பாதியில் நின்றது. குரலைத் தனியே பிரித்தெடுக்கும் மென்பொருள் வந்த பிறகு 2023இல் அது வெளியாகி பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அதிலும் கூடுதல் தயாரிப்பாளராக லின்னின் பெயர் இருக்கிறது. தயங்கிய மெக்கார்ட்னி, தன் 1997 ‘ஃபிளேமிங் பை’ ஆல்பத்தில் பல பாட்டுகளுக்கு அவரையே கூப்பிட்டுக்கொண்டார்.

ஹாரிசன் 2001 நவம்பர் 29 அன்று காலமானார். பாதியில் நின்ற பாட்டுகளை மகன் தானியும் லின்னும் முடித்தார்கள். ‘பிரெயின்வாஷ்டு’ அடுத்த வருடம் வந்தது. நண்பர் விட்டுச்சென்றதை மெருகேற்றுகிறேன் என்று பூசி மெழுகிவிடுவோமோ என்ற பயம் அதில் எல்லா இடத்திலும் தெரிகிறது, அந்தப் பயமே ஆல்பத்தைக் காப்பாற்றியது. அதே 2002 நவம்பர் 29 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நினைவுக் கச்சேரி. ரவிசங்கர் வந்திருந்தார். 1968இல் ஹாரிசன் பம்பாயில் இந்தியக் கலைஞர்களைக் கொண்டு இசைப் பகுதியைப் பதிவு செய்த ‘தி இன்னர் லைட்’ பாட்டை அன்று லின் பாடினார், பக்கத்தில் அனுஷ்கா சங்கர் சிதார் வாசித்தார். சிதாரின் வளைவுகளுக்கு நடுவே எந்த அலங்காரமும் செய்யாமல் நேராகப் பாடிவிட்டுப் போகிறார். என் அபிப்பிராயத்தில் மேடையில் அவர் மிக அழகாகப் பாடியது அதுதான்.

2012இல் பழைய இ.எல்.ஓ. ஹிட்டுகளைத் தன் வீட்டு ஸ்டுடியோவில் தானே எல்லாக் கருவிகளும் வாசித்து மறுபடி பதிந்தார். பழைய பதிவுகளில் குறைகள் கேட்கின்றன என்பது அவர் சொன்ன காரணம். எனக்கு அந்தக் குறைகளோடு இருக்கும் மியூனிக் பதிவுகளே வேண்டும். இருபத்தெட்டு வருடம் பெரிய இ.எல்.ஓ. கச்சேரிகளைத் தவிர்த்துவந்தவரை 2014 செப்டம்பரில் லண்டன் ஹைட் பார்க்குக்கு பிபிசி வானொலிக்காரர்கள் அழைத்துவந்தார்கள். 50,000 பேர். யாருக்கும் நம்மை நினைவிருக்காது என்று பயந்துகொண்டே போனவர், அதற்குப் பிறகு 2017இல் வெம்ப்ளி ஸ்டேடியம்வரை போனார். 2025 ஜூலை 5, விடைபெறும் கச்சேரிகளுக்காகப் பிறந்த ஊரான பர்மிங்ஹாமில் பாடினார். அதே நாள் அதே ஊரின் வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சப்பாத் ராக் குழுவும் விடைபெற்றது. ஜூலை 13 அன்று ஹைட் பார்க்கில் நடக்கவிருந்த கடைசிக் கச்சேரி, உடலில் பரவிய நோய்த்தொற்றால் ரத்தானது.

அவரைப் புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் ராய் ஆர்பிசனின் ‘யூ காட் இட்’ பாட்டிலிருந்து தொடங்கலாம். லின், ஆர்பிசன், பெட்டி மூவரும் எழுதியது, லின் தயாரித்தது. ஆர்பிசன் 1988 டிசம்பர் 6 அன்று இறந்தார், பாட்டு அதற்குப் பிறகு வெளியானது. ஹெட்போனில் கேளுங்கள். அக்கூஸ்டிக் கிடார்கள் எத்தனை என்று எண்ணப் பாருங்கள். டிம்பனி என்ற பெரிய முரசு எங்கே விழுகிறது, எங்கே விழாமல் விட்டிருக்கிறார் என்று கவனியுங்கள். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆர்பிசனின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை கேளுங்கள். அதற்கடுத்து ‘மிஸ்டர் புளூ ஸ்கை’, முடியும் வரை.